சகலையின் இரட்டைக்குழாய்

நம் வீட்டு ஹாலில், காலண்டர் மாட்டிய ஆணிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பித்தளை வட்டு தொங்குகிறது. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது, ஆனால் நல்ல கனம். அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் குழாய்கள் கிளம்பி, முன்னால் வந்து ஒரு வாய்க்கட்டையில் சேர்கின்றன. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அதைப் பார்த்துவிடுவார்கள். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், வீட்டில் யாருக்காவது வீசிங்கா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் இரண்டு பேரும் முந்திக்கொண்டீர்கள்: "அது எங்க சித்தப்பாவுது." பிள்ளைகளே, நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் எனக்குள் சுருக்கென்று தைக்கும். அது ஏன் என்று உங்களுக்கு எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன். அடுப்பு கேஸ் சிலிண்டரின் தலையில் ரெகுலேட்டர் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே வேலைதான். கடலுக்குள் முங்குகிறவன் முதுகில் கட்டிக்கொண்டு போகிற சிலிண்டருக்குள் காற்று முரட்டுத்தனமாக அடைந்து கிடக்கும். அப்படியே வாயில் விட்டால் நெஞ்சு தாங்காது. அவன் இருக்கிற ஆழத்துக்கு ஏற்ற அளவில், அவன் இழுக்கும்போது மட்டும் காற்றைக் கொடுப்பதுதான் ரெகுலேட்டர். இப்போது வருகிறவை ஒற்றைக் குழாய், பாதி பிளாஸ்டிக். பழையதில் இரண்டு குழாய். பித்தளை வட்டு பிடரிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். வலது தோள் மேலாக மூச்சு வரும், இடது தோள் மேலாகத் திரும்பிப் போகும். குமிழிகள் முகத்தை மறைக்காமல் முதுகுப் பக்கம் கிளம்பி மேலே போகும்.

உங்கள் சித்தப்பா எனக்குச் சகலை. நான் அக்காவைக் கட்டியவன், அவன் தங்கையைக் கட்டியவன். அவர் என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. என்னைவிட இளையவன், அதனால் அவன் என்றே இருக்கட்டும். அப்போது காட்டுப்பள்ளியில் ஒரு கான்ட்ராக்டரிடம் முங்கு வேலை பார்த்தான். கப்பலின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவது, இறங்கிப் பார்த்து வந்து ஓட்டை உடைசல் சொல்வது. வேலைக்குப் புது சாமான் கொடுப்பார்கள். அவனுக்கோ பழசின் மேல்தான் பைத்தியம். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்குக் கன்டெய்னரில் வெளிநாட்டுப் பழைய இரும்பு வந்து கொட்டும் அல்லவா, அதில் பித்தளையைத் தனியாகப் பொறுக்குகிற அக்கா ஒருவரிடம் சொல்லிவைத்திருந்தான். வட்டமாக, குழாய் மாட்டுகிற மாதிரி எது வந்தாலும் அவர் எடுத்து வைப்பார், இவன் போய் வாங்கி வருவான். துடைத்து, கழற்றி, பூட்டி, லீவு நாளில் அதையே கட்டிக்கொண்டு பழவேற்காட்டுக் கடலில் இறங்குவான். அலமாரியில் மூன்று நான்கு வைத்திருந்தான். மற்றவர்கள் சாமி படத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி நீங்கள் அந்த அலமாரிக்கு முன்னால் நிற்பீர்கள்.

உங்கள் அம்மாவின் வீட்டில் பெரிய மாப்பிள்ளை நான். விருந்தென்றால் முதல் இலை எனக்குத்தான் போடுவார்கள். முதல் பேச்சு அவனிடம் போகும். கடலுக்கடியில் இருட்டாக இருக்குமா, சுறா வருமா, கப்பல் நகர்ந்தால் என்ன செய்வாய் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். வால்வு கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறவனிடம் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? அவன் ஊதிப் பெருக்கிப் பேசுகிறவனாக இருந்திருந்தால் மனசுக்குள் திட்டித் தீர்த்திருப்பேன். அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், கூட்டாமல் குறைக்காமல். ஒருநாள் உன்னை மடியில் உட்கார்த்தி, மகளே, வாய்க்கட்டையை உன் காதில் வைத்து மூச்சு இழுத்துக் காட்டினான். வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் நீ உன் தம்பியிடம் சொன்னது இப்போதும் ஞாபகம் இருக்கிறது: "சித்தப்பா கடலையே மூச்சு உட வைக்குது. அப்பா இரும்பத் திருவுது." உனக்கு அப்போது ஏழெட்டு வயது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் இந்தப் பித்தளை வட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். பச்சைக் களிம்பு பூத்து, மூடி நசுங்கி, உள்ளே எல்லாம் இறுகிக் கிடந்தது. இது தன் கைக்கு அடங்காது, வால்வு வேலை, நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றான். நான் உடனே சரி சொல்லவில்லை, நேரம் இருந்தால் பார்க்கிறேன் என்றேன். அவன் தெருமுனை திரும்பும் முன்பே நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். குழம்புக்கு வைத்திருந்த புளி அது, உங்கள் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. களிம்பு கழன்றதும் மூடியை மரச்சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுத்தேன். காற்றை அடைக்கிற சீட் தேய்ந்திருந்தது. அதைக் கண்ணாடி மேல் வால்வு தேய்க்கிற பேஸ்ட் தடவித் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கினேன். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு உண்டு. நாம் மூச்சு இழுத்தால் அது உள்வாங்கி ஒரு சின்ன நெம்புகோலை அமுக்கும், அமுக்கினால் காற்று வரும். பழைய சவ்வு அப்பளம் போல நொறுங்கிவிட்டது, புது ரப்பர் ஷீட்டில் வெட்டிப் போட்டேன். குழாய்களையும், வாத்து மூக்கு மாதிரி இருக்கும் மூச்சுப்போக்கு ரப்பரையும் ஒரு கப்பல்காரரிடம் சொல்லி அவன் வரவழைத்தான். அவன் செய்தது அது ஒன்றுதான் என்பதை நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். செய்து முடித்த வால்வை மூடி, ஒரு பக்கம் காற்றைக் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவோம். ஒரு குமிழி வந்தாலும் வால்வு மேசைக்குத் திரும்பிப் போகும். அந்தக் கண்ணோடுதான் இதையும் பூட்டினேன். நெம்புகோலை நன்றாகக் கீழே தணித்து, ஸ்பிரிங்கை இறுக்கி, அவன் கொண்டுவந்த சிலிண்டரில் மாட்டி, பின்கட்டில் இருந்த டிரம்மில் முக்கினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. என் வேலை காலத்தில் அவ்வளவு திருப்தி எனக்கு வந்ததில்லை. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன், மகளே. ஒரு குமிழிகூட இல்லை பார் என்றேன். நீ குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாய், "சித்தப்பா பாத்துச்சா?"

சித்தப்பா வந்து பார்த்தான். வாயில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தான். கொஞ்சம் டைட்டாக இருக்கிற மாதிரி தெரிகிறது, லேசாக விட்டால் நன்றாயிருக்கும் என்று மெல்லச் சொன்னான். விட்டால் ஒழுகும் என்றேன். பெரிய மாப்பிள்ளை பேச்சுக்கு மேல் பேசக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, தலையாட்டிவிட்டான்.

காணும் பொங்கலன்று எல்லோரும் கவரைப்பேட்டைக்கு உள்ளே உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்தவர் வயலுக்குப் போனோம். படி வைத்த பெரிய கிணறு, மழையில் மேல்படி வரை நிறைந்து தெளிந்திருந்தது. கட்டுசோறு, கரும்பு, மைத்துனர் பிள்ளைகள், பக்கத்து வீட்டார் என்று கிணற்றைச் சுற்றி ஒரே கூட்டம். நான் ஒரே ஒரு நினைப்போடு போயிருந்தேன். இன்று யாராவது ஒருவர் இது நான் செய்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதை நீங்கள் இரண்டு பேரும் கேட்க வேண்டும். நானே சொல்லிக்கொள்ளக் கூச்சம். அவன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு எழுந்தபோது உங்கள் பாட்டி பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார், "சின்ன மாப்ள கண்டுபுடிச்ச மிசினுமா அது." என் கையில் இருந்த கரும்பு இனிக்கவில்லை.

அவன் முங்கினான். பிடரியிலிருந்து குமிழிகள் கொத்தாகக் கிளம்பி மேலே வந்து உடைந்தன. நீங்கள் கைதட்டினீர்கள். கைதட்டல் ஓய்வதற்குள் அவன் தலை வெளியே தெரிந்தது. படியில் கை ஊன்றி, வாய்க்கட்டையை எடுத்துவிட்டு மேல்மூச்சு வாங்கினான். என்ன ஆச்சு என்று எல்லோரும் கத்த, தண்ணீர் ஐஸாக இருக்கிறது, தாங்கவில்லை என்றான். கூட்டம் சிரித்தது. கடலுக்கே போகிறவன் கிணற்றுத் தண்ணீருக்குப் பயந்துட்டான் பார் என்று ஒரு மைத்துனன் கலாய்த்தான். நான் துண்டு கொடுக்க இறங்கினபோது என் காதுக்கு மட்டும் சொன்னான்: "இழுக்கவே முடியல சகல. மூஞ்சிய கீழ வச்சா நெஞ்சு வலிக்குது. இது பைப்பு வால்வு இல்ல, மன்சன் வாய்ல வைக்கறது. ஒரே ஒரு குமிழி உட்டு வைங்களேன்."

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அன்றோடு கணக்கு நேராகியிருக்கும். அவனைப் பார்த்து ஊர் சிரித்த முதல் தடவை அது. அதையும் எனக்காக வாங்கிக்கொண்டு, நடுங்குகிற மாதிரி வேறு நடித்துக்கொண்டிருந்தான். எனக்கு நன்றி வரவில்லை பிள்ளைகளே, இன்னும் அதிகமாக எரிந்தது. சிரிப்புக்கு ஆளாவதிலும் அவன் என்னைவிட ஒரு படி மேலே இருந்தான்.

கிணற்றுப் படியிலேயே உட்கார்ந்து வட்டைப் பிரித்தேன். நெம்புகோலை இம்மி அளவு உயர்த்தி, ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். தண்ணீரில் பிடித்ததும் சும்மா இருக்கும்போதே ஒரு குமிழி மெல்ல ஊறி, விளிம்பில் நின்று, யோசித்து, மேலே போனது. என் கை தானாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அது இருக்கட்டும். இப்ப நீங்க போங்க."

கிணற்றில் நீந்தி வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் தண்ணீருக்குள் மூச்சு விடுவது வேறு. இடுப்பில் கயிறு கட்டினான், பக்கத்திலேயே வந்தான், மேலே வரும்போது மட்டும் மூச்சை அடக்காதீங்க என்று இரண்டு முறை சொன்னான். நான் இறங்கியது நாலு படி ஆழம்கூட இருக்காது. முகத்தைக் கீழே வைத்து இழுத்தேன், வந்தது. மல்லாந்தேன், நான் கேட்காமலே காற்று வாய்க்குள் ஊற்றியது. காதுக்குப் பின்னால் குமிழிகள் கடகடவென்று உருண்டன. மேலே, நெளிகிற வெளிச்சத்தில், கிணற்றைச் சுற்றி நம் வீட்டு முகங்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. உன் மஞ்சள் கவுன் தெரிந்தது. நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு முகங்கள் ஞாபகத்தில் இல்லை. யாரும் கூப்பிட முடியாத அந்த இடமும், நான் மட்டும் கேட்கிற என் மூச்சும்தான் இருந்தன. இத்தனை வருஷமாக இதை இவன் தனியாக வைத்துக்கொண்டிருந்தானே என்று வந்தது பாருங்கள் ஒரு பொறாமை, அதுவரை நான் பட்டதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மேலே வந்ததும் நீ படியில் ஓடி இறங்கி வந்தாய். என்னைத் தாண்டி அவனிடம் போய், "சித்தப்பா, அடுத்து நானு" என்றாய். அவன் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "உங்க அப்பாவக் கேளு. மிசினு அவுரு செஞ்சது. நான் சும்மா போட்டுக்கினேன்." பாட்டி "அப்டியா நைனா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏங்கிக் கிடந்த பேச்சு கடைசியில் வந்துவிட்டது. அதுவும் அவன் வாயிலிருந்துதான் வந்தது.

பிறகு அவனுக்கு விசாகப்பட்டினம் பக்கம் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது. மற்ற ரெகுலேட்டர்களை எடுத்துக்கொண்டு போனான். இதை மட்டும் ஒரு சின்ன சிலிண்டரோடு நம் வீட்டில் விட்டு, அவனே ஆணி அடித்து மாட்டினான். உன் கவுனெல்லாம் போய் நீ இப்போது காலேஜுக்கு ரயில் ஏறுகிறாய். கம்பெனியில் நான் இன்றைக்கும் ஒரு குமிழிக்கு வால்வைத் திருப்பி அனுப்புகிறேன். ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவ்வப்போது இதை இறக்கி, அந்தச் சிலிண்டரில் மாட்டி டிரம்மில் முக்குவேன். அந்தக் குமிழி வரும், பார்த்துவிட்டு மாட்டிவிடுவேன்.

போன ஞாயிறு அவன் வீடியோ காலில் வந்தான். நீங்கள் இரண்டு பேரும் போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசினீர்கள். அங்கே பழைய இரும்பு உடைப்புக் கடையில் இன்னொரு இரட்டைக்குழாய் கிடைத்ததாம். பளபளவென்று தூக்கிக் காட்டினான். "இங்க ஒரு ஃபிட்டரு சரி பண்ணிக் குட்த்தாரு சகல. கை நல்லாகீது அவுருக்கு." நீங்கள் சூப்பர் என்றீர்கள். எனக்கு அந்த முகம் தெரியாத ஃபிட்டர் மேல் எரிந்த எரிச்சலை எந்தத் தண்ணீரில் முக்குவது? ஏன் என்னிடம் கொண்டுவரவில்லை என்ற கேள்வி வாய் வரை வந்தது. குமிழி விடுகிறதா என்று மட்டும் கேட்டேன். அவன் சிரித்தான். "ரெண்டு உடுது."

போனை வைத்ததும் ஆணியிலிருந்து இதை இறக்கினேன். சிலிண்டரில் மாட்டி, பின்கட்டு டிரம்மில் முக்கி, குனிந்து நின்றேன். என்னப்பா பார்க்கிறாய் என்று கேட்டீர்கள். ஒரு குமிழி ஊறி வந்து, விளிம்பில் நின்று, மேலே போனது. இரண்டாவது ஒன்று வருமா என்று ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. துடைத்துக் கொண்டுவந்து, காலண்டருக்குப் பக்கத்தில் பழையபடி மாட்டினேன்.