கசெற்றில் இருந்த வலக்கை

கூரை வேயும்போது விழுந்தேன். வலது மணிக்கட்டு நொறுங்கிற்று. முறிவு வைத்தியர் கட்டினார். எலும்பு பொருந்தியது, கை மடங்கவில்லை.

தவிலுக்கு அந்தக் கைதான் பேசுகிற கை. இடக்கை கழியால் ஒரு பக்கம் அடிக்கும். வலக்கை விரல்களில் கூடு மாட்டி மற்றப் பக்கம் அடிக்க வேண்டும். எனக்கு ஓர் அடி வரும். நல்ல அடிதான். அடுத்ததற்குள் கை விறைத்துவிடும்.

சுருவில் என்கிற எங்கள் தீவூர்க் கோயிலில் பதினான்கு வருசம் வாசித்தவன் நான். நாதஸ்வரம் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். விழுந்த வருசமே கோயில் மனேச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வேறு தவில்காரரைப் பிடித்தார். எனக்கு ஆள் அனுப்பினார், வந்து தாளம் போடட்டாம்.

“தாளம் போட ஆக்கள் இருக்கினம். நான் தவில்காரன் எண்டு போய்ச் சொல்லும்” என்றேன்.

வீட்டில் சோற்றுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் போகவில்லை.

எண்பத்தேழில், பிரான்சிலிருந்த தம்பி பிள்ளைகளுக்கு கட்டைகளை அமத்தி வாசிக்கிற ஒரு சின்னக் கீபோட் பெட்டி அனுப்பினான். அதில் ஒரு மைக் இருந்தது. முன்னால் சத்தம் போட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு கட்டையை அமத்த, அதே சத்தம் வரும். பிள்ளைகள் ஆட்டைக் கத்தவைத்துப் பிடித்தார்கள். இந்தப் பக்கத்துக் கட்டையில் கிழட்டுக் கிடாய், அந்தப் பக்கத்தில் குட்டி. வீடே சிரித்தது.

நான் எழும்பிப் போய்த் தவிலை இறக்கினேன். அந்தப் பெட்டிக்கு ஓர் அடி போதும். என்னிடம் ஓர் அடி இருந்தது.

கூட்டை மாட்டி ‘தா’ என்று ஒன்று போட்டேன். பிடித்தது. கட்டையை அமத்தினேன். என் அடி. இடக்கை ஒரு விரலால் அமத்த அமத்த, பதினாறு, முப்பத்திரண்டு என்று விழுந்தது. மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சாருங்கோ, உதுக்குள்ளை ஆர் வாசிக்கிறது?”

“நான்தான்.”

பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் வைத்திருக்கும். ஆகவே ‘தா’ வருகிற இடங்களை மட்டும் முழுவதும் வாசித்து, வீட்டு ரேப் ரெக்கோடரில் கசெற் போட்டு எடுத்தேன். பிறகு ‘தீ’யைப் பிடித்து, முதல் ரேப்பைப் போட்டுவிட்டு, அதோடு சேர்த்து வாசித்து அடுத்த வீட்டு ரேப்பில் எடுத்தேன். இப்படி நாலு சுற்று. மூன்றாம் சுற்றில் ஒரு காகம் புகுந்துவிட்டது. அடிக்கு அடி காகம் கத்திற்று.

“காகமும் மேளக்காரர் ஆயிட்டார். அவருக்கும் ஒரு வேட்டி எடுப்பம்” என்றாள் மனைவி.

திரும்ப எடுத்தேன். பற்றரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் போட்டேன். சுற்றுக்குச் சுற்று இரைச்சல் கூடிற்று. கூடட்டும் என்று விட்டேன். அதில் வலக்கை மட்டும்தான் இருந்தது. இடக்கை என்னிடம் இருக்கிறதே.

மச்சானைக் கூப்பிட்டு, இடக்கைக் கழியோடு சேர்த்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“அடி உன்ர அடிதான் மச்சான். ஆனா, நான் மூச்சு எடுக்கேக்கை நீ நிண்டு தருவாய். உது நிக்காது. என்னைச் சாக்கொல்லும்.”

அது உண்மை. அவர் எங்கே மூச்சு எடுப்பார் என்பது எனக்குப் பதினான்கு வருசப் பழக்கம். அந்த இடங்களை மனத்தில் ஓட்டி, அங்கே அடியைக் குறைத்து, நாலு சுற்றையும் முதலிலிருந்து எடுத்தேன். ஒரு மாதம் போயிற்று. இரண்டாம் முறை கேட்டவர் வீட்டுக்குப் போய் நாதஸ்வரத்தை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்து வாசித்தார்.

திருவிழா தொடங்குகிற அன்று, சண்டையால், யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற மண்டைதீவுப் பாதையை மூடிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தவில் வரவில்லை. பின்னேரம் மனேச்சரே எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தார்.

“கசெற் ஒண்டு வைச்சிருக்கிறீராம். ஸ்பீக்கர்க்காரரிட்டைக் குடும்.”

“நானும் வருவன் ஐயா. தவிலைக் கொழுவிக்கொண்டு.”

“மொண்டிக் கையோடை சாமிக்கு முன்னாலையோ? சனம் என்ன சொல்லும்?”

“அப்ப கசெற்றும் வராது.”

“திமிர் காணும் உமக்கு.”

“ஓம் ஐயா.”

அவர் போனார். ஆனால் ‘வராதே’ என்று சொல்லவில்லை. குளித்து, வேட்டி கட்டி, தவிலைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கசெற்றை நானே ஸ்பீக்கர்க்காரரின் தள்ளுவண்டியில் இருந்த ரேப்பில் போட்டேன். வலக்கையைத் தவில்மேல் வைத்தேன். மச்சான் பார்த்துத் தலையசைத்தார்.

சாமி வெளியே வந்தது. சனம் ஸ்பீக்கரைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். வடக்கு வீதியில் மனேச்சர் வண்டிக்குக் கிட்ட வந்து, “உந்தச் சத்தத்தை நிப்பாட்டும்” என்றார். ஸ்பீக்கர்க்காரர் ரேப்பை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் முழுக்கக் குறைத்தார்.

வலக்கை இல்லாமல் போயிற்று. நான் கழியை விடவில்லை. உள்ளே ரேப் ஓடுகிறது என்று தெரியும். அது எந்த இடத்தில் ஓடுகிறது என்றும் தெரியும். மச்சானும் விடவில்லை.

பத்து இருபது அடி நடந்திருப்போம். சாமியைத் தோளில் காவுகிறவர்களுக்குக் கால் பிசகிற்று. முன்தண்டு பிடித்தவர் கத்தினார்.

“அண்ணை, மேளத்தைப் போடுங்கோ! கால் வருகுதில்லை. சாமியை விழுத்தவோ?”

ஸ்பீக்கர்க்காரர் மனேச்சரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்தார். சத்தம் கூடிற்று. ரேப்பின் அடி என் கழியின்மேல் சரியாக வந்து விழுந்தது. அரை அடி முந்தவில்லை, பிந்தவில்லை. சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. காவுகிறவர்களின் கால் நேரானது.

அடுத்த நாள் காலை மனேச்சரின் ஆள் வந்தான். கசெற்றை மட்டும் தரட்டாம், ஐயா கேட்கிறாராம்.

“ஐயாவுக்குச் சொல்லும், வலக்கை தனிய வராது எண்டு.”

அவன் போய்த் திரும்பி வந்தான்.

“அப்ப நேரத்துக்கு வரட்டாம்.”

“நான் எண்டைக்குப் பிந்தி வந்தனான்?” என்றேன்.