அப்பா செய்த மெடல்

என் அக்காவின் கழுத்தில் தொங்கிய அந்தப் பீங்கான் வில்லையைச் செய்தவர் எங்கள் அப்பாதான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் விருத்தாசலத்தில் தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் மீடியம் முளைத்துக்கொண்டிருந்தது. அப்பா ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் பொம்மை அச்சுகளில் களிமண் கரைசல் ஊற்றி, காய்ந்ததைச் சூளையில் அடுக்குகிறவர். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி எங்கள் இருவரையும் அப்படியொரு பள்ளியில் சேர்த்திருந்தார். அக்கா ஏழாவது, நான் நாலாவது. பள்ளியின் முதலாளி எழுபதை நெருங்கிய மனிதர். கரஸ்பாண்டன்ட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஒருநாள் அவர் அப்பாவை வரவழைத்து, மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதிக் கொடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பீங்கான் வில்லை வேண்டும், கயிறு கோக்க ஓட்டையும் வேண்டும் என்றார்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல் நீலத்தில் வரைந்தார். யாரும் கேட்காமலே ஓரத்தில் தங்கக் கோடு இழுத்தார். "மெடலு செய்யச் சொல்லியிருக்காரு. நல்லா படிக்கிற புள்ளைங்களுக்குப் போல" என்று அம்மாவிடம் சொன்னார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அதில் எழுதியிருந்தது, 'நான் தமிழ் பேசினேன்.'

காம்பவுண்டுக்குள் தமிழில் வாய் திறந்தால் வில்லை கழுத்தில் ஏறும். அதைக் கழற்ற ஒரே வழி, தமிழ் பேசும் இன்னொரு பிள்ளையைப் பிடித்து நம் கையாலேயே மாட்டிவிடுவது. கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளை அதோடு வீட்டுக்குப் போய், மறுநாள் காலைப் பிரேயரில் ஜல்லியில் முட்டி போட வேண்டும். மூன்றாவது தடவை அப்படி வீட்டுக்குக் கொண்டுபோனால் டி.சி. இது கரஸ்பாண்டன்ட்டின் சொந்தச் சரக்கு இல்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அவர் படித்த பள்ளியில் ஒரு துரை அவர் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டாராம். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தான் மாடு மேய்த்துக்கொண்டிருப்பேன் என்று பிரேயரில் கண் கலங்கச் சொல்வார். துரை கப்பலேறி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவர் அந்தக் கட்டையை எங்கள் ஊர் மண்ணில், எங்கள் அப்பா கையாலேயே செய்து வாங்கி எங்களுக்கு மாட்டினார்.

வேட்டை சீக்கிரம் பழகிவிட்டது. பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பேசவைக்க, பின்னால் போய் நறுக்கென்று கிள்ளினால் போதும். யாருக்கும் 'அம்மா' என்றுதான் வரும். அம்மா என்றால் தமிழ், தீர்ந்தது கதை. இரண்டு மாதத்துக்குள் மொத்தப் பள்ளியும் 'அவுச்' என்று கத்தக் கற்றுக்கொண்டது. என் முழங்கைக்கு மேலே அக்கா கிள்ளிய இடம் எப்போதும் கன்றிக் கிடக்கும். கூடப் பிறந்த தங்கை, சுலபமாகக் கிடைப்பேன் அல்லவா?

அக்கா முதல்முறை வில்லையோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நிறுத்தி ஆலம் சுற்றினாள். வேலை முடிந்து வந்த அப்பா, சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அல்வா வாங்கி வந்தார். அக்கா வாயைத் திறக்கவில்லை. நான்தான் அல்வாவைத் தின்றுகொண்டே அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் சொன்னேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

அந்த வருஷம் முடிவதற்குள் அக்கா இன்னொரு தடவை மாட்டினாள். பிறகு மூன்றாவது தடவையும் வந்தது. கவர்மெண்ட் ஸ்கூலில் போய்ச் சேர்வதைவிடச் செத்துப்போகலாம் என்று அவளை நம்ப வைத்திருந்தார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. காலையில் அப்பா வேலைக்குப் போகாமல் எங்களோடு வந்தார்.

"இந்த ஒரு தபா மன்னிச்சி வுட்டுடுங்க சார். வூட்ல அழுதுக்கிட்டே கெடக்குது."

 தமிழ் பேசக்கூடாது என்று சுவரில் மாட்டியிருந்த பலகையைக் கரஸ்பாண்டன்ட் விரலால் தட்டினார். அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப நானுந்தான் சார் தமிழ் பேசிட்டேன். எனக்கு மாட்டிடச் சொல்லுங்க. புள்ளைய வுட்டுடுங்க."

கரஸ்பாண்டன்ட்டுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாய்விட்டுச் சிரித்து, அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அக்கா வில்லையைக் கழற்றினாள். அப்பா குனிந்து கழுத்தைக் கொடுத்தார். அதோடு முடிந்தது என்று நினைத்துக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். கரஸ்பாண்டன்ட் ஜன்னல் வழியாக மைதானத்து ஜல்லியைக் காட்டினார்.

அப்பா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முட்டி போட்டார். எங்கள் பிரேயரில் தமிழில் ஒரே ஒரு பாட்டு உண்டு, தமிழை வாழ்த்துகிற பாட்டு. அரசாங்க உத்தரவு என்பதால் அதற்கு மட்டும் விலக்கு. நாங்கள் விறைப்பாக நின்று அதைப் பாடி முடிக்கும்வரை அப்பா ஜல்லியில் இருந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். கரஸ்பாண்டன்ட்டை எனக்கு அடியோடு பிடிக்காது. அவரை அப்படி ஆக்கிய துரையை அதைவிடப் பிடிக்காது, ஆனால் அவன் என் கைக்கு எட்டமாட்டான்.

அக்கா தப்பித்தாள். அதன்பிறகு வில்லை அவள் பக்கம் வரவே இல்லை. அப்பாவோடு பேசுவதும் நின்றுபோயிற்று. "அவர யாரு வரச் சொன்னா? மானமே போச்சு" என்று அம்மாவிடம் ஒருமுறை சீறினாள். படிப்பு முடிந்ததும் சென்னையில் வேலை கிடைத்தது. லண்டனிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு போனில் பதில் சொல்லும் வேலை. அதற்காக அவளுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் வைத்திருந்தார்கள். "எம்பொண்ணு லண்டங்காரங்களோட பேசுது" என்று அப்பா டீக்கடையில் இருமிக்கொண்டே சொல்வார். வருஷக்கணக்காக மண் தூசியை இழுத்த நெஞ்சு. அந்த இருமலிலேயே போய்ச் சேர்ந்தார்.

அக்கா ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தாள். நேராகப் போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அத்தைகள் மாரடித்து அழுதார்கள். அவள் உதடு மட்டும் இறுக மூடியிருந்தது. 

"வாயத் தொறந்து அழுதுடு கண்ணு. அப்பான்னு ஒரு தபா கூப்புடு" என்று அம்மா கெஞ்சினாள்.

"கல்லு மாதிரி குந்தியிருக்குது பாரு" என்றாள் ஓர் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. நெருங்கி உட்கார்ந்து, அவள் என்னைக் கிள்ளும் அதே இடத்தில், முழங்கைக்கு மேலே, பலம் கொண்ட மட்டும் கிள்ளினேன். அம்மா என்றாவது அலறட்டும், அப்படியாவது வாய் திறக்கட்டும் என்று கிள்ளினேன்.

"அவுச்" என்றாள் அக்கா.