ஓட்டக்காரிக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் நடுவில் வெளிநாட்டில், அஜின்கோர்ட் என்ற இடத்தில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது; வகுப்பிலோ ஒரு சொல் வராது. பிள்ளைக்கு எல்லாம் விளங்குகிறது, ஆனால் பேசுகிறாளில்லை என்று ரீச்சர் எப்போதும் சொல்லுவார்.

அந்தப் பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூட நூலகத்துப் படப் புத்தகம் ஒன்றோடு வந்து, "அம்மா, வெள்ளிக்கிழமை வகுப்பில நான் இதைப் பற்றிக் கதைக்கப்போறன்" என்றாள். தானாகக் கேட்டு வாங்கிய வாய்ப்பாம்! எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

அமெரிக்காவில் ஓட்டக்காரியான ஒரு கறுப்பினப் பெண்ணின் உண்மைக் கதை அது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஓடுகிற மைதானத்தில் அவள் கால் வைக்கக்கூடாது. பஸ்ஸில் பின் சீட்டுத்தான். தண்ணீர்க் குழாய்கூட வேறு. மண் ரோட்டில் ஓடிப் பழகி, கடைசிப் பக்கத்தில் கழுத்தில் பதக்கத்தோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தண்ணி குடிக்கவும் நிறம் பாத்தவங்களே, கட்டையில போவாங்கள்!" என்றேன்.

"ஏன், எங்கட ஊர்க் கிணத்தடியில சாதி பாக்கேல்லையே?" என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலை எடுக்காமல். 

அப்போது நவராத்திரியின் கடைசி நாட்கள். வியாழன் பின்னேரம் புத்தகங்களைப் பூசையில் வைத்தோம்; மகளும் தன்னுடையவற்றை அடுக்கினாள். இவர் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெள்ளி காலை மகள் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்து புத்தகத்தைக் கேட்டபோதுதான், அதுவும் பூசையில் இருப்பது எனக்குத் தெரிந்தது.

"எடுக்கேலாது. நாளைக்குத்தான் விஜயதசமி. வைச்ச புத்தகத்தை இடையில தொட்டால் படிப்பு வராது" என்றார் இவர்.

"அப்ப நான் கதைக்கேல்லை." பிள்ளை கண்ணீரோடு சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். எனக்கு வந்ததே கோபம்!

"இஞ்சருங்கோ, போன வருசம் விஜயதசமி வேலை நாளில வந்ததெண்டு சனிக்கிழமைக்குத் தள்ளி வைச்சது ஆர்? உங்கட ஓவர்டைமுக்குப் பொறுத்துக்கொண்ட சரஸ்வதி, இந்தப் பிள்ளைக்காக ஒருநாள் முந்தி எழும்ப மாட்டாவோ?"

 இவர் போய்க் கற்பூரத்தைக் கொளுத்தினார். எங்கள் வீட்டு விஜயதசமி அந்த வருடம் வெள்ளிக்கிழமையே, ஸ்மோக் அலாரம் கத்தக் கத்த, நடந்து முடிந்தது.

புத்தகத்தைக் கையில் எடுத்தால், ஐயோ! அட்டையில் ஓடுகிற பெண்ணின் நெற்றியில் நல்ல பெரிய பொட்டு. ஈரத்துணியால் துடைத்தேன், இன்னும் பரவிச் சிவந்ததுதான் மிச்சம். இரவல் புத்தகமல்லவா? மன்னிப்புக் கேட்க நானும் கூடப் போனேன்.

ரீச்சர் ஜமேக்காவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. வகுப்பு வாசலில் அட்டையைப் பார்த்துவிட்டு, இது என்ன சிவப்பு என்று கேட்டார்.  நான் "சொறி" என்று மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன் மகள் முந்திக்கொண்டு இங்கிலீசில் சொன்னாள்.

"நாங்கள் கும்பிடுகிறவர்களுக்குத்தான் இந்தப் பொட்டு வைப்போம். இவவை பஸ்ஸில் பின்னுக்கு இருக்கச் சொன்னார்கள். அதனால் நான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்னால், சாமிக்குப் பக்கத்தில் வைத்தேன்."

 ரீச்சர் விரலால் அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மகளின் கையைப் பிடித்து வகுப்புக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், இப்போது சொன்னதை எல்லாருக்கும் சொல்லு, கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

சாத்திய கதவுக்கு வெளியே நின்ற எனக்கு மகளின் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.