மீட்டருக்குக் கீழே மஞ்சள் பூ

யார் வீட்டுக்குப் போனாலும் மாமா முதலில் மனிதர் முகத்தைப் பார்க்கமாட்டார். கரண்டு மீட்டர் எங்கே இருக்கிறது என்றுதான் அவர் கண் தேடும். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால்கூட வராந்தாச் சுவரை ஒருமுறை துழாவிவிட்டுத்தான் கட்டிலுக்கு வருவார். கல்யாணம் பேசப் போன வீட்டில், "பொண்ணு எப்படிடா?" என்று அம்மா காதோரம் கேட்டதற்கு, "மீட்டரை ரொம்ப உயரத்துல மாட்டியிருக்காங்கக்கா" என்றாராம். அந்தப் பேச்சு அதோடு முறிந்தது. அதன்பிறகு வேறு யாரும் பேச வரவில்லை.

அம்மாவின் தம்பி அவர். எங்களுக்கு அடுத்த தெருவில் ஒற்றை அறையில் இருந்தார். வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுப்பது வேலை. கதவு எண் எதுவும் அவர் மண்டையில் தங்காது. நாய் வீடு, துருக் கேட்டு வீடு, சைக்கிள் தொங்கும் வீடு என்று ஊரையே அப்படித்தான் மனதில் வைத்திருந்தார். "நம்பரு கையில இருக்கற ரீடிங் மிஷினுக்குத் தெரியும், வீடு எனக்குத் தெரியும். போதாதா?" என்பார்.

பெரும்பாலான வீடுகளில் கேட் திறக்கும், அவர் எண்ணைப் படிப்பார், கேட் மூடும். மஞ்சப்பூ வீடு ஒன்றில்தான் பேச்சும் கிடைத்தது. அங்கே மீட்டர் பெட்டிக்கு அடியில் ஒரு செடி தரையோடு தரையாகப் படர்ந்து பாய் விரித்தது போலக் கிடக்கும். பச்சை தெரியாதபடி சின்னச் சின்ன மஞ்சள் பூ. அந்த வீட்டில் தனியாக இருந்த ஒரு அம்மாள் ஒருநாள் கேட்டார்களாம்: "கரண்டுக்காரரே, நாலு வீடு ஏறி இறங்கறீங்க. இது என்ன செடின்னு தெரியுமா? வெளியூர்ல என் மக புதுசா வீடு கட்டியிருக்கா. முன்னாடி வெறும் மண்ணா கிடக்காம். பேர் தெரிஞ்சாத்தானே அவ அங்க நர்சரியில கேப்பா?"

"அடுத்த தடவை வரும்போது கண்டிப்பா சொல்றேம்மா."

பில் தாளில் சுருட்டிய ஒரு கிளையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"என்ன பட்டதாரி, இது என்னன்னு சொல்லு."

"அவ படிக்கிறது கணக்குப் பாடம். அவகிட்டப் போயி புல்லு பூண்டைக் கேக்கறியே" என்றாள் அம்மா.

"காலேஜ்ல எல்லாம் சொல்லித் தருவாங்க, நீ சும்மா இரு அக்கா."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அங்கே எல்லாம் இருக்கும் என்று மாமா நம்பினார். நான் கற்றதில் அவருக்கு உதவ ஒன்றுமில்லை. தாவரவியல் படிக்கும் தோழியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் இலையைத் திருப்பிப் பார்த்தாள். "மஞ்சள் கரிசலாங்கண்ணின்னுதான் நிறையப் பேர் நினைப்பாங்க. ஆனா பாரு, இலைக்கு ரெண்டு பக்கமும் காது முளைச்ச மாதிரி இருக்கு. இது வெடேலியா. விட்டா தெருவையே பிடிச்சிடும்" என்றாள்.

மாமா அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டுமுறை உருட்டிப் பார்த்தார். பரீட்சைக்குப் போகிறவர் போல இருந்தது.

அடுத்த கணக்கெடுப்பு முடிந்து வந்தபோது கேட்டேன். "சொன்னீங்களா மாமா?"

"இன்னும் விசாரிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். "இந்தத் தடவை உள்ள உக்காரச் சொன்னாங்க. மக போன்ல இதைத்தான் கேக்கறாளாம், கரண்டுக்காரர் வந்தாரா, பேர் சொன்னாரான்னு. சொல்லிட்டா அப்புறம் என்ன பேசறது?"

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று சொல்லிவிட்டு வந்தார். நர்சரியில் கேட்டேன், ஆள் லீவு என்றார். பூ இன்னும் விரியட்டும் என்றார். மகள் வீட்டு முன்னால் அந்த வெறும் மண் வெறும் மண்ணாகவே கிடந்திருக்க வேண்டும்.

பிறகு தானாகவே கணக்கனுப்பும் மீட்டர்கள் வந்தன. மாமாவைப் புகார் பிரிவில் உட்கார வைத்தார்கள். நாள் முழுக்கப் பேச்சுதான், எல்லாம் திட்டு.

"ஒரு நடை போய்ச் சொல்லிட்டு வாங்களேன் மாமா" என்றேன்.

"மிஷின் இல்லாம போய் நின்னா யாருன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்ல? என் பேரு அவங்களுக்குத் தெரியாதே."

"கரண்டுக்காரர்னு சொல்லுங்க."

"இப்போ அதுவும் இல்லையே" என்று சிரித்தார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அறையைக் காலி செய்தபோது, அந்தப் பெயரை நானாவது போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த விலாசம் மஞ்சப்பூ வீடு என்பது மட்டும்தான். வேலை முடிந்து வரும்போது கேட் கேட்டாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். தோழி சொன்னது சரிதான். அந்தச் செடி எல்லாத் தெருவிலும் பரவிக் கிடக்கிறது.