ஆளில்லாத இடத்தில் விரித்த வலை

பிளஸ் டூ ஆங்கிலப் பாடத்தில் ‘டிஸ்பரேட்’ என்று ஒரு சொல் வந்தது. வித்தியாசமான என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். வகுப்பில் எவளாவது கேள்வி கேட்டு மானத்தை வாங்கிவிடுவாளோ என்ற பயத்தில், முதல் நாள் சாயங்காலமே அகராதியைப் புரட்டினேன். ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாதவை என்று பொருள் போட்டிருந்தது. பிறப்பு லத்தீனில். பிரித்துத் தனியே வைப்பது என்ற வினையிலிருந்து வந்ததாம். அப்படியானால் யாரோ கை வைத்துப் பிரித்த பிறகுதான் அவை வேறாகியிருக்கின்றன என்று எனக்குப் பட்டது.

அந்த வாரம்தான் என் அப்பா, நைனாவின் வலையைப் பக்கத்துக் குப்பத்தார் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

எங்கள் சனம் கையால் இறால் பிடிப்பவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பல்லில் கவ்விய ஓலைப் பறிக்கூடைக்குள் போட வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மண்ணடித்துத் தூர்ந்த பிறகு கைக்கு எதுவும் சிக்கவில்லை. நைனா பழைய வலையொன்றை வாங்கினார். ஆனால் ஏரியில் வலை விரிப்பதற்குப் பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் யார் என்றைக்கு விரிப்பது என்று பக்கத்துக் குப்பத்துக் குடும்பங்கள் முறை வைத்துக்கொள்ளும். எங்களுக்கு அதில் முறை கிடையாது. அன்றைய முறைக்காரர் வீட்டில் சாவு. இடம் காலியாகக் கிடக்கிறதே என்று நைனா விரித்துவிட்டார். ஆள் வராவிட்டாலும் இடம் அவருடையதுதான் என்பது இவருக்குத் தோன்றவில்லை.

அகராதி பார்த்த மறுநாள் பஞ்சாயத்து. நானும் கூடப் போனேன்.

“சும்மா கெடந்த தண்ணிதானேனு போட்டேன்,” என்றார் நைனா, துண்டைக் கையில் பிடித்தபடி.

“உம்மேல கோவம் இல்லப்பா. நாங்க வேற, நீங்க வேற. அது உனக்கே தெரியும்,” என்றார் குப்பத்துத் தலைவர். என் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

மன்னிப்புக் கேட்டதும் வலையைக் கொடுத்தார்கள். வரும் வழியில் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னேன்.

“பொறப்புலயே வேற இல்ல நைனா. யாரோ பிரிச்சு வெச்சதுதான்.”

“பிரிச்சவன் எப்பவோ செத்துப் போயிருப்பாம்மா. நான் யார்கிட்ட போயி கேக்கறது?”

வலை எங்கும் கிழியவில்லை. பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நைனா தன் கையாலேயே அதைத் துண்டு துண்டாக அறுத்தார். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. கீரைப் பாத்தியைச் சுற்றிக் குச்சி நட்டு, அறுத்ததை இழுத்துக் கட்டினார்.

“இனிமே கோழி வராது,” என்றார்.