மூணு புள்ளி அண்ணி

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தெருவே 'மூணு புள்ளி' என்று கூப்பிடும். டிவி சீரியலுக்கு வசனம் எழுதுகிறவர். எந்த வசனத்தையும் முடிக்க மாட்டார், கடைசியில் மூன்று புள்ளி வைத்து இழுப்பார். ஒரே சீரியலில் ஒரு மாமியாரை மூன்று தடவை சாகடித்து, இரண்டு தடவை உயிரோடு திருப்பிக் கூட்டி வந்த புண்ணியவதி. வீட்டிலும் அப்படித்தான். "உப்பு கொஞ்சம்…" என்று நிறுத்திவிட்டுப் போய்விடுவார். கூடவா குறைச்சலா என்று நான் பின்னாலேயே ஓட வேண்டும்.

எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. பதினெட்டு வருடம் நாளுக்கு ஒரு எபிசோட் எழுதிய கை சும்மா இருக்குமா? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறார். ஜன்னலைத் திறக்கிறார், மூடுகிறார். பால் பொங்குவதற்குள் நாலு தடவை எட்டிப் பார்க்கிறார். நானும் என் கணவரும் சண்டை போட்டால் நடுவில் புகுந்து, "இந்த இடத்துல நீ அழணும்" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வசனம் பேசாதீங்க அண்ணி!"

இந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பது இது.

விஷயம் இதுதான். ஐந்து சீரியல் கம்பெனிகளும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, எபிசோடுக்கு இவ்வளவுதான் என்று ஒரே நாளில் ஒரே தொகையாகக் குறைத்துவிட்டன. எழுத்தாளர் சங்கம் உட்கார்ந்து பேசக் கூப்பிட்டது. அதற்கு வந்த பதிலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. 'நீங்கள் தொழிலாளிகளே இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனி வியாபாரி. வியாபாரிகள் கூடி விலை வைத்தால் சட்டவிரோதம்.' அப்படியென்றால் அவர்கள் ஐந்து பேர் கூடினது என்னவாம்? கேட்டால், அது சந்தை நிலவரமாம்! அதோடும் விடாமல், வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். ஆணையமும் 'வியாபாரிதான்' என்று சொல்லிவிட்டால் சங்கம் வாயே திறக்க முடியாது. ஒவ்வொருவரும் தனியாகப் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

புகாருக்கு ஆதாரம் எது தெரியுமா? சங்கச் செயலாளர் என்ற முறையில் அண்ணி எழுதிய கூட்டக் குறிப்பு. தலைவர் பேசியதாக அதில் ஒரு வரி: 'இந்த விலைக்குக் கீழே எழுதுகிற கை… இருக்காது…'

மிரட்டல் என்று பிடித்துக்கொண்டார்கள்.

"நெஜமா தலைவர் என்னதான் சொன்னாரு?" என்று கேட்டேன்.

"டீ வந்துடுச்சு, முடிச்சுக்கலாம்னாரு. ஒரு கூட்டம் அப்படியா முடியணும்? சப்புனு இருந்துச்சு, அதான்…"

தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த நாற்பத்தோராவது நாள்தான் ஆணையத்தில் விசாரணை. அண்ணி பாதியில் எழுந்து ஓடிவிடாமல் பிடித்து உட்கார வைக்கச் சங்கத்தில் என்னையும் கூட அனுப்பினார்கள். அண்ணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைப்பை வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார். விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. அந்த வரியைப் படித்துவிட்டு, "இது உங்க தலைவர் சொன்னதா?" என்றார்.

"இல்லைங்க. யாரும் சொல்லல. நான்தான் சேர்த்தேன். தப்புதான்…"

கம்பெனி வக்கீல் சிரித்தே விட்டார். "சொந்தமா கற்பனை, சொந்தமா தொழில். உங்களுக்கு முதலாளின்னு யாரும்மா இருக்கா?"

அண்ணி கைப்பையைத் திறந்தார். மடிப்பு மடிப்பாக நைந்துபோன ஒரு தாளை எடுத்து நீட்டினார். லீவு கடிதம். அதிகாரி சத்தமாகப் படித்தார். 'அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இரண்டு நாள் விடுப்பு வேண்டும்.' அதன் கீழே சிவப்பு மையில், கம்பெனி முத்திரையோடு: 'அனுமதி இல்லை. எபிசோடை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகவும்.' பிறகு தேதியையும் படித்தார்.

"நான்தான் முதலாளின்னா, நான் யார்கிட்டங்க லீவு கேட்டேன்?" என்றார் அண்ணி.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பத்து நாள் கழித்துப் புகார் தள்ளுபடியானது. சங்கத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், ஐந்து பேருக்கும் ஒரே தொகை எப்படித் தோன்றியது என்று விளக்கமும் கொடுங்கள் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு வந்தது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு என் காதில் நின்றது அந்தத் தேதி மட்டும்தான்.

எனக்குத் தெரிந்த தேதி அது. அன்று என் மாமியார் கதவையே பார்த்துக்கொண்டு, "பொண்ணு வந்துட்டாளா?" என்று கேட்டுக் கேட்டே கண்ணை மூடினார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அண்ணி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்ற தாயைவிட சீரியல் பெரிதாகப் போய்விட்டது என்று ஆறு வருடமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறேன், பாவி.

வெளியே படிக்கட்டில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன் அண்ணி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

நாற்பத்தோரு நாளில் முதல் தடவையாக அவர் அசையாமல் நின்றார். இழுக்காமல் ஒரே மூச்சில் சொன்னார்.

"சொல்லியிருந்தா, வசனம் பேசாதீங்கன்னு சொல்லியிருப்பே."