கொல்லைப்புறக் கேமரா

அப்பா போன பிறகு அம்மா ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறாள். சென்னைக்கு வர மாட்டேன் என்றதால் நான்கு கேமராக்களை மாட்டி, அவற்றைக் கவனிக்க என் பழைய கம்ப்யூட்டரைக் கூடத்தில் வைத்தேன். ஏதாவது அசைந்தால் என் போனில் மணி அடிக்கும். அம்மா நன்றாக இருக்கிறாளா என்று தெரிந்தால் போதும். தினமும் பேசும் வேலை மிச்சம் என்ற எண்ணமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

தாளடி நெல் கதிர் விட்ட சமயத்தில் கம்ப்யூட்டர் திணறியது. பிராசசர் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. அதன் ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது என்று அம்மா இரண்டு முறை சுவிட்சையே அணைத்துவிட்டாள். போனும் ஓயாமல் அடித்தது. நான் பார்க்காமலே கட்டைவிரலால் தள்ளிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்தபடியே சரிசெய்ய உட்கார்ந்தேன். இந்த மாதிரி வேலை எனக்குப் பிடிக்கும், மனிதர்கள் குறுக்கே வருவதில்லை. நொடிக்கு இருபத்தைந்து படம் என்றிருந்ததை ஐந்தாகக் குறைத்தேன். ஒலிப்பதிவை நிறுத்தினேன். போதவில்லை. கடைசியில் குற்றவாளி அகப்பட்டது: கொல்லைப்புறக் கேமரா. எதிரே எங்கள் வயல். காற்றில் ஆடிய ஒவ்வொரு கதிரையும் கம்ப்யூட்டர் திருடனாக நினைத்து ஆராய்ந்துகொண்டிருந்தது. கொல்லைக் கோடியில் உள்ள கதவுக்கு அப்பால் முழுவதையும் கறுப்புக் கட்டத்தால் மறைத்தேன். இனி அங்கே எது அசைந்தாலும் பதிவாகாது, எனக்கும் தகவல் வராது. பாரம் இருபதுக்கு இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோரு நாள் கழித்து வேறு எதற்கோ போன் செய்தபோதுதான் தெரிந்தது, அம்மா வரப்பில் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி இரண்டு நாளாகிறது. ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டேன்.

"நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன். தெனம் உங்கிட்ட சொல்லிட்டுத்தானே வயலுக்குப் போறேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. மறைப்பதற்கு முந்தைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். காலை ஆறேகால் வாக்கில் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வரப்பில் நாலடி நடக்கிறாள். திரும்பி, கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கி, "போயிட்டு வரேம்பா" என்கிறாள். மறுநாளும் அப்படியே. அதற்கு முந்தின வாரமும். வீட்டில் ஒருவரிடம் சொல்லாமல் அவள் படியிறங்கியதே இல்லை. அப்பாவுக்குப் பிறகு யாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறாள் என்று நான் யோசித்ததும் இல்லை. வெட்கமாக இருந்தது.

கறுப்புக் கட்டத்தை எடுத்துவிட்டேன். பாரம் எண்பதுக்கு ஏறியது, ஃபேன் மறுபடி இரைந்தது. கால் தேறிய பிறகு ஒருநாள் காலை மணி அடித்தது. அம்மா வரப்பில் நின்று திரும்பினாள். ஒலியை மீண்டும் போட மறந்திருந்தேன். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"போயிட்டு வாம்மா" என்றேன்.

அவள் திரும்பி வந்து கொல்லைக் கதவைத் திறக்கும்வரை போனைக் கீழே வைக்கவில்லை.